வெள்ளைச்சாமி சாரின் நடைச் சத்தம்

வேலைக்கு வந்த முதல் நாளே கலைமதி எங்கள் பிரின்சிபாலை அடையாளம் கண்டுகொண்டாள். அவருக்கு அவளைத் தெரியவில்லை.

"மியூசிக் மிஸ்ஸா? நல்லது. ஆண்டு விழாவுக்கு ரெண்டு நல்ல அயிட்டம் பண்ணிக் குடுத்துருங்க, அது போதும்" என்று சொல்லி வருகைப் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார் வெள்ளைச்சாமி சார். கையெழுத்துப் போடும்போது பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னாள். பயத்தில் இல்லை, கோபத்தில்.

நான் அருணா. பொன்னமராவதி பக்கத்தில் இருந்த அந்தத் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நானும் கலைமதியும் ஒரே பஸ்ஸில் போய் வருவோம். அவளுக்கு முப்பத்து நாலு வயது. ஒவ்வொரு வார்த்தையையும் லேசாக இழுத்து, பாட்டு மாதிரி பேசுவாள். அது அவளுடைய பாணி என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை என்று தெரிய ரெண்டு மாதம் ஆனது.

சின்ன வயதில் அவளுக்குத் திக்குவாய். இலுப்பூர் பக்கத்துக் கிராமத்தில் அஞ்சாம் வகுப்பு படித்தபோது வெள்ளைச்சாமி சார்தான் அவளுக்கு வாத்தியார். தினமும் அவளை பெஞ்சு மேல் ஏற்றி, பெயரைச் சொல்லச் சொல்வார். 'க' என்ற எழுத்தில் நாக்கு மாட்டிக்கொள்ளும். எத்தனை தடவை மாட்டுகிறது என்று வகுப்பே சத்தமாக எண்ண வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒருநாள் பத்தொன்பது வரை போயிற்று. அன்றைக்குச் சார் விழுந்து விழுந்து சிரித்தார்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அவள் வெளியாட்கள் யாரிடமும் வாயே திறக்கவில்லை. கிணற்றடியில் தனியாக நின்று பாடும்போது மட்டும் திக்கவில்லை. பாட்டுக்குள் நுழைந்துவிட்டால் 'க' எந்தத் தடையும் இல்லாமல் வெளியே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே பேசக் கற்றாள், இசை படித்தாள், பேச வராத பிள்ளைகளுக்கு இசையால் என்னென்ன செய்யலாம் என்று திருச்சியில் ஒரு பயிற்சியும் முடித்தாள். இதையெல்லாம் பஸ்ஸில் வைத்துச் சொன்னாள்.

"மறந்துட்டுப் போயிரலாம்ல கலை? இருபத்து நாலு வருசம் ஆச்சே" என்றேன்.

"அவருதான் மறந்துட்டாருல்லக்கா. ரெண்டு பேருமே மறந்துட்டா எப்புடி?"

அவளுக்குக் கொடுத்த மூணாம் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்தாள். சலங்கை, கொட்டாங்கச்சி, எவர்சில்வர் தட்டு, பழைய கீபோர்டு, ஒரு பிளாஸ்டிக் வாளி. பாட்டுச் சொல்லிக் கொடுக்கவில்லை. "இன்னைக்கு ஒங்க மனசு எப்புடி இருக்கு? வாயால சொல்லாதீங்க, வாசிச்சுக் காட்டுங்க" என்பாள். எங்களுக்கெல்லாம் இது வேடிக்கையாக இருந்தது. சந்தோஷ்குமார் என்ற பையன் ஒருநாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பத்து நிமிஷம் அடித்தான். அவள் தடுக்கவில்லை. தானும் ஒரு தட்டை எடுத்து அவன் வேகத்துக்குக் கூடவே தட்டினாள். அவன் மெதுவாக்கினால் அவளும் மெதுவாக்கினாள். கடைசியில் குச்சியைப் போட்டுவிட்டு அழுதான். அப்பா குவைத்திலிருந்து வீடியோ காலில் வரும்போதெல்லாம் சிரிக்கச் சொல்கிறார்களாம். அவனுக்குச் சிரிப்பு வரவில்லையாம். அவன் அம்மா மறுநாள் வந்து கலைமதியின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வேடிக்கை என்று சொல்வதை அன்றோடு விட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, "பயம் எப்புடிச் சத்தம் போடும்?" என்று பிள்ளைகளிடம் கேட்டாள். முதலில் வந்த பிள்ளை ரெண்டு கொட்டாங்கச்சியை எடுத்து டக், டக் என்று தட்டிவிட்டு, சலங்கையை ஒரு தடவை குலுக்கியது. டக், டக், சல். அடுத்த பிள்ளையும் அதையே வாசித்தது. அதற்கடுத்ததும். பதினாலு பிள்ளைகள் ஒரே சத்தத்தை வாசித்தார்கள்.

எங்கள் பள்ளியில் அது எல்லோருக்கும் தெரிந்த சத்தம். வெள்ளைச்சாமி சாரின் ஷூ குதிகாலில் இரும்பு லாடம் அடித்திருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். வராந்தாவில் அவர் நடந்து வந்தால் டக், டக், சல்.

அன்று மதியமே ஏன் என்றும் தெரிந்தது. மூணாம் வகுப்பில் ரஞ்சிதா என்று ஒரு பிள்ளை, இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கும். சார் அவளை பெஞ்சில் ஏற்றி நிறுத்தி, தப்பு விடும்போதெல்லாம் மற்ற பிள்ளைகளை எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தார். கலைமதி ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாள். அதே எண்ணிக்கை, அதே சிரிப்பு. நானும் பக்கத்தில்தான் நின்றேன். நாலு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த எண்ணிக்கைதான் அது. ஒருநாளும் உள்ளே போனதில்லை.

"ஆண்டு விழாவுக்கு ரெண்டு அயிட்டம் கேட்டாருல்ல" என்றாள் கலைமதி. அவள் முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. "ஒண்ணு போதும்க்கா."

ஆறு வாரம் ஒத்திகை பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டுதான்; பெரியவர்களில் என்னை மட்டும் உள்ளே விட்டாள். "இது யாரு நடைன்னு வெளிய யாருகிட்டயும் சொல்லக் கூடாது" என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கினாள். அவர்களுக்கு ஒரே குஷி. ரஞ்சிதா மட்டும், "எனக்கு வேணாம் மிஸ்" என்றாள்.

"ஒரே ஒரு தடவதான் செல்லம். நீ முன்னாடி நிக்கணும்."

"எனக்கு அந்தச் சத்தம் வேணாம் மிஸ்."

"நீ வாசிச்சா அது ஒன் சத்தமாயிரும். அப்புறம் ஒன்னைய ஒண்ணும் பண்ணாது" என்றாள் கலைமதி. பிள்ளை தலையை ஆட்டியது. எனக்குச் சங்கடமாக இருந்தது. வழக்கம்போல அடுத்த பீரியடுக்குக் கிளம்பிவிட்டேன்.

பிப்ரவரியில் ஆண்டு விழா. மைதானத்தில் பலகை மேடை. தாளாளர் அருள்தாஸ், சிறப்பு விருந்தினராக வந்த டாக்டர், பொன்னாடையோடு வெள்ளைச்சாமி சார், மூணு பேரும் மேடை ஓரத்தில் நாற்காலியில். கீழே ஐந்நூறு பெற்றோர். பிள்ளைகள் சந்தோஷத்தைச் சலங்கையில் வாசித்தார்கள். துக்கத்தைக் கீபோர்டில் வாசித்தார்கள். கோபத்துக்கு வாளியை அடித்தபோது கூட்டம் விசிலடித்தது. சாரும் கைதட்டினார்.

கலைமதி மைக்கை வாங்கினாள். "அடுத்தது பயம். இத நான் சொல்லிக் குடுக்கல. பிள்ளைங்களே கண்டுபிடிச்சது."

டக், டக், சல். இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரே தாளத்தில்.

பின்வரிசையில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரு நட தெரியுதா?" என்று ஒரு அம்மா தன் மகளைக் கேட்க, அவள் மேடையைக் கைகாட்டினாள்.

சாருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் கறுத்து எழுந்தார். கீழே இறங்கும் படிக்குப் போக மேடையின் குறுக்கே நடந்தாக வேண்டும். ஒரு அடி வைத்தார். பலகை அதிர்ந்தது. டக். மேடையில் இருந்த மைக் அதைப் பெரிதாக்கிச் சொன்னது. அடுத்த அடி, டக். சாவி, சல். பிள்ளைகள் அவர் காலைப் பார்த்து அவரோடு சேர்ந்து வாசித்தார்கள். அவர் நின்றார். பிள்ளைகளும் நிறுத்தினார்கள். சாவிக்கொத்தைக் கையால் பொத்திக்கொண்டு மறுபடி நடந்தார். பிள்ளைகளும் வாசித்தார்கள். மைதானம் முழுக்க வேறு சத்தமே இல்லை. படிக்குப் போய்ச் சேர அவர் பதினேழு அடி வைத்தார். கலைமதி எண்ணினாள். வாய்விட்டு, மைக்கில்.

அப்போது நான் ரஞ்சிதாவைப் பார்த்தேன். கொட்டாங்கச்சியைக் கீழே போட்டுவிட்டு, ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கலைமதியும் அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பதினொண்ணு என்று எண்ணினாள்.

மறுநாள் காலையில் சார் அவளைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். "ஒனக்கு நான் என்னம்மா பண்ணேன்?" என்றார்.

அவள் தன் பெயரைச் சொல்லப் போனாள். 'க' மாட்டிக்கொண்டது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் மாட்டியது. அவர் காத்திருந்தார். ஒருவழியாகப் பெயரையும், ஊரையும், பள்ளிக்கூடத்தையும் சொல்லி முடித்தாள்.

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "அங்கிட்டு எட்டு வருசம் இருந்தேம்மா. எத்தனையோ புள்ளைங்க. ஞாபகம் வரல." பொய் சொல்கிற முகமாக அது இல்லை.

"என்னைய நெனைக்க வேணாம் சார்" என்றாள் கலைமதி. "இனிமே ஷூவ மாட்டும்போதெல்லாம் நேத்து வச்ச அந்தப் பதினேழு அடிய நெனைச்சுக்கங்க. எனக்கு அது போதும்."

அந்த வாரமே பெற்றோர் வரிசையாக வந்தார்கள். வீட்டில் கேட்டபோது பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். வெள்ளைச்சாமி சார் உடல்நிலை காரணமாக விலகியதாகப் பலகையில் அறிவிப்பு வந்தது. கலைமதியையும் அருள்தாஸ் அனுப்பிவிட்டார். "பெத்தவங்க முன்னாடி மேடையில வச்சுப் பண்ணிட்டீங்களே மிஸ். எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"போன வருசம் பெத்தவங்க மூணு பேரு ஒங்ககிட்ட வந்து சொன்னாங்களாமே சார்" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

ஒரு மாதம் கழித்து சாரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ரப்பர் செருப்புப் போட்டிருந்தார். இடுப்பில் சாவி இல்லை. போனில் கலைமதியிடம் சொன்னேன். "இன்னொரு தடவ சொல்லுங்கக்கா" என்றாள். சொன்னேன். சிரித்தாள். அத்தனை சந்தோஷத்தை அவள் குரலில் அதற்கு முன் கேட்டதில்லை. அவளுக்கு அதில் ஒரு துளிகூட வருத்தம் கிடையாது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள்.

பொன்னமராவதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியைப் பிடித்துச் சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தாள். சந்தோஷ்குமாரும் இன்னும் ஒன்பது பேரும் வந்தார்கள். ரஞ்சிதா வரவில்லை. கலைமதி அவள் அம்மா செவந்திக்குப் போன் போட்டாள்.

"ஒங்க மேல கோவமா இருக்கா டீச்சர். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா."

"கோவம் இருக்கட்டுங்க. எங்கிட்ட வந்து காட்டச் சொல்லுங்க, நான் இருக்கேன்."

நாலாவது சனிக்கிழமை ரஞ்சிதா வந்தாள். நான் அன்று அங்கே இருந்தேன். எதையும் தொடவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, ஒரு மணி நேரமும் கலைமதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் கீழே இறங்கிய பிறகு பக்கத்தில் வந்தாள்.

"நான் அழுதேன். நீங்க பாத்தீங்க. நிறுத்தச் சொல்லல."

சமாதானம் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். கலைமதி தரையில் மண்டியிட்டு அவள் உயரத்துக்கு வந்தாள்.

"ஆமா ரஞ்சிதா. பாத்தேன். சொல்லல."

பிள்ளை அவளை ஓங்கி ஒரு அடி அடித்தது, தோளில். கலைமதி அசையவில்லை. ரஞ்சிதா செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று, "அடுத்த வாரமும் காலையிலயா மிஸ்?" என்று கேட்டாள்.