விறைக்குது என்று நான் சொன்னது

பிரேக்கைப் பிடித்தேன். பிடித்ததாகத்தான் நினைத்தேன். சைக்கிள் நிற்கவில்லை. டூட்டிங் பெக் சந்தியில் சிவப்பு விளக்கைத் தாண்டி, ஆட்கள் கடக்கும் இடத்துக்குள் முன்சக்கரம் போன பிறகுதான் குனிந்து கையைப் பார்த்தேன். விரல்கள் பிரேக்கின் மேல் சும்மா கிடந்தன. அழுத்தவே இல்லை. கையுறையைக் கழற்றினால், நடுவிரலும் மோதிர விரலும் நிறம் செத்து, அவித்த அரிசி மா மாதிரி இருந்தன. ஒக்டோபர் மாதம். அந்த வருடத்தின் முதல் குளிர்க் காலை.

குளிரில் கை விறைப்பது லண்டனில் ஒரு செய்தியா? வேலைக்குப் போய்ச் சேர்ந்து தேநீர்க் கோப்பையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் முதலில் நீலம் பாரித்தன, பிறகு சிவந்தன, பிறகு நெருப்பில் வைத்த மாதிரி எரிந்தன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. நானும் மறந்துவிட்டேன்.

இப்போது இதே போலத் தன் விரலைப் பார்த்து, "குளிர்தானே" என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. கிளாப்பமில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். என் உடம்பில் நடந்ததை மட்டும் சொல்ல முடியும்.

வீடு கோலியர்ஸ் வுட்டில். அங்கிருந்து கிளாப்பம் வரை கிட்டத்தட்ட ஒரே நேர் தெரு. கோடையில் அந்தத் தெருவில் சைக்கிள்காரர் நெருக்கியடிப்பார்கள். செப்டெம்பர் முடிய, பாதிப்பேர் காணாமல் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரு கிடைக்கும். பூட்டிய சேலைக்கடைகள், மீன் பெட்டிகளை இறக்கும் லொறி, நனைந்த இலைகளின் மணம், முகத்துக்கு முன்னால் என் மூச்சு புகையாகப் போவது. வீட்டில் நான் அம்மா. வேலையில் நான் "அடுத்த ஆள் வாங்க" என்று கூப்பிடுகிறவள். இடையில் உள்ள அந்தத் தெருவில் மட்டும் நான் யாருக்கும் ஒன்றும் இல்லை. குளிர் முகத்தில் அடிக்க அடிக்க எனக்குச் சந்தோஷம் கூடும். இந்த ஊருக்கு வந்த புதிதில் குளிரைத் திட்டித் தீர்த்தவள் நான். சைக்கிள் வாங்கிய பிறகுதான் அதோடு ராசியானேன்.

என் கணவர் குகன் பஸ் ஓட்டுகிறார். பஸ் சாரதிகளுக்குச் சைக்கிள்காரரைக் கண்ணில் காட்டக் கூடாது. அப்படிப்பட்டவருக்கு நான் மனைவியாக வாய்த்தது அவருடைய தலைவிதி. கை விறைத்த கதையைச் சொன்னபோது அவர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"குளிருக்கு விறைக்கும்தானே. நல்ல கிளவுஸ் ஒண்டு வாங்கிப் போடும்."

மகள் ஆரணி தன் பங்குக்குச் சொன்னாள்: "அம்மா, ஜஸ்ட் டேக் த பஸ். அப்பாவுக்கும் ஃபீலிங்ஸ் இருக்கு."

கையுறை வாங்கினேன். அதற்குள் இன்னொரு கையுறையும் போட்டேன். விரல்கள் அதற்குள்ளேயே செத்துப் போயின. மாதக் கடைசியில் குடும்ப வைத்தியரிடம் போனேன்.

அவர் புதிதாக வந்தவர், கோயம்புத்தூர்ப் பெண், என்னைவிட வயதில் இளையவர். என் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசத் தொடங்கினார். அந்த அறையில் தமிழ் கேட்டதும் எனக்குப் பாதி வருத்தம் போன மாதிரி இருந்தது.

"சொல்லுங்க, என்ன பண்ணுது?"

"விரல் எல்லாம் விறைக்குது, டொக்டர்."

"விறைச்சுப் போகுதா? காலைலயா?"

"ஓம், காலமையிலதான் கூட."

"மடக்கக் கஷ்டமா இருக்கா?"

"ஓம். மடக்க ஏலாது."

அவர் என் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். வீக்கம் இருக்கிறதா என்று தடவினார். மூட்டுவாதத்துக்கான இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார். அன்று என் விரல்கள் நல்ல நிறமாக, ஒரு குற்றமும் இல்லாத பிள்ளைகள் மாதிரி மேசையில் இருந்தன.

எங்கள் இரண்டு பேரிலும் பிழை இல்லை. அவருடைய தமிழில் விறைப்பது என்றால் மூட்டு இறுகிப்போவது. உணர்வு போவதை அவர்கள் மரத்துப் போவது என்பார்கள். எங்களுக்கோ இறுகினாலும் விறைப்பு, உணர்வு போனாலும் விறைப்பு, குளிரில் நடுங்கினாலும் விறைப்பு. பல் வைத்தியர் போடுவதுகூட விறைப்பு ஊசிதான். ஆங்கிலத்தில் பேசியிருந்தால் நிறம் போகிறது, உணர்வு போகிறது என்று பிரித்துச் சொல்லியிருப்பேன். தமிழ் என்ற ஆசையில் இரண்டு பேரும் ஒரே சொல்லை ஆளுக்கொரு பக்கம் கொண்டுபோய்விட்டோம்.

பரிசோதனையில் வாதம் இல்லை என்று வந்தது. குளிர்காலத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடத்தினேன். வெயில் வந்ததும் விரல்கள் ஒழுங்காகிவிட்டன. நோய் என்று ஒன்று இருந்ததையே மறந்துபோனேன்.

அடுத்த வருடம் அது செப்டெம்பரிலேயே வந்துவிட்டது. மோதிரம் கழலவில்லை. விரல்களின் தோல் பளபளத்து, இறுகி இருந்தது. சுட்டுவிரல் நுனியில் ஒரு சிறிய புண். தொட்டாலே உயிர் போனது. மருந்து போட்டும் ஆறவில்லை.

வைத்தியரிடம் இந்த முறை சைக்கிளிலேயே போனேன். காத்திருக்கும் அறையில் இருந்தபடி, கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட வெளியே வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். வந்து என் கையைப் பிடித்தார். நாலு விரல்கள் அவித்த மா.

"இதைத்தான் விறைக்குதுன்னு சொன்னீங்களா?"

"ஓம் டொக்டர். இதைத்தான்."

என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரத்துப் போகுதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கும்."

"மரம் எண்டால் எங்களுக்கு முற்றத்தில நிக்கிறதுதான், டொக்டர்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார்.

உங்களுக்கு என் முதல் புத்திமதி இதுதான். விரல் நிறம் மாறும்போதே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எங்கள் நிறத்தில் அது வெள்ளைக்காரரின் விரலைப் போலப் பளிச்சென்று தெரியாது. சாம்பல் பூத்த மாதிரித்தான் தெரியும். சொல்லை நம்பாதீர்கள், படத்தைக் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் என் நகக்கண் ஓரங்களில் எண்ணெய் தடவி உருப்பெருக்கியில் பார்த்தார்கள். அங்கேயுள்ள மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஒழுங்காக வளைந்து நிற்க வேண்டுமாம். எனக்குச் சில வீங்கியும் சில இல்லாமலும் இருந்தன. விரல் நிறம் மாறுவதற்குப் பெயர் ரெனோ (குளிர் பட்டதும் விரலின் சிறிய இரத்தக் குழாய்கள் இறுகி மூடிக்கொள்வது). பலருக்கு அது மட்டும் தனியாக வந்து, பெரிய தொல்லை இல்லாமல் இருக்கும். எனக்கு அதன் பின்னால் இன்னொன்று நின்றது. ஸ்க்ளெரோடெர்மா (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்குவதால் தோலும், சிலருக்கு உள்ளுறுப்புகளும் தடித்து இறுகிவிடும் நோய்).

நுரையீரலையும் இதயத்தையும் பார்க்க வேண்டும் என்றார்கள். முடிவு வரும்வரை எனக்குப் பயம்தான். வேறு பெயர் அதற்கு இல்லை. குகன் அந்த நாட்களில் சைக்கிள்காரரைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. முடிவில் நுரையீரல் சுத்தம், இதயமும் சுத்தம், இப்போதைக்கு. வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பார்கள். அந்த "இப்போதைக்கு" என்ற சொல்லோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டேன்.

நிபுணர் ஒரு வயதான ஆங்கிலேயப் பெண். நிதானமாகப் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, மனதில் இருந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். நான் சைக்கிளில் வேலைக்குப் போகலாமா?

கோடையில் தாராளமாகப் போங்கள் என்றார். குளிரில் வேண்டாம். ஒவ்வொரு முறை விரல் வெளுக்கும்போதும் நுனிக்கு இரத்தம் இல்லாமல் போகிறது. இந்தப் புண் ஆறாவிட்டால் விரல் நுனியையே எடுக்க வேண்டி வரலாம்.

"இலையுதிர் காலத்தில்?" என்றேன்.

"இலையுதிர் காலம் அவ்வளவு முக்கியமா?" என்று கேட்டார். கேலியாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மடியில் கிடந்த கையுறைகளை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

நிபெடிபின் (இரத்தக் குழாயைத் தளர்த்தும் மாத்திரை) தந்தார்கள். எத்தனையோ பேருக்கு நானே எடுத்துக் கொடுத்த மருந்து. "கணுக்கால் வீங்கலாம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிக் கொடுப்பேன். என் கணுக்கால் வீங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

புண் ஆறாததால் ஐலோப்ரொஸ்ட் ஏற்றினார்கள் (நாளம் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றும், குழாய்களை விரிக்கும் மருந்து). சில நாட்கள் தொடர்ந்து போய் நாற்காலியில் இருக்க வேண்டும். தலை வெடிக்கும், முகம் சிவந்து கொதிக்கும், வயிற்றைப் பிரட்டும். சொட்டு வேகத்தைக் குறைத்தால் தணியும். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் தாதியிடம் சொல்லுங்கள்.

என் நாற்காலி ஜன்னலோரம். கீழே தெரு. நவம்பர் தொடங்கியிருந்தது. மஞ்சள் ஜக்கெட் போட்ட ஒரு பெண் தினமும் அந்தப் பக்கம் சைக்கிளில் போனாள். விளக்கில் நின்று, ஒரு காலை ஊன்றி, கைகளை வாயருகில் வைத்து ஊதிச் சூடாக்குவாள். பிறகு போய்விடுவாள். அவள்மேல் எனக்கு வந்தது பொறாமை, சுத்தமான பொறாமை. அவளுடைய காலோ வயதோ எனக்கு வேண்டாம். கை குளிர்ந்தால் ஊதிவிட்டுப் போகலாம் என்ற அந்த அலட்சியம்தான் வேண்டும்.

புண் மெதுவாக ஆறியது. நுனியில் ஒரு சிறிய பள்ளம் மிச்சம். மாத்திரைப் பட்டியை அழுத்தும்போது இப்போது நடுவிரலைப் பாவிக்கிறேன்.

அதற்கடுத்த இலையுதிர் காலம் பஸ்ஸில் போனேன். மேல்தட்டில் முன் இருக்கை. என் தெருவே கண்ணாடிக்கு வெளியே படம் போல ஓடியது. மணம் இல்லை. முகத்தில் காற்று இல்லை. ஆசைப்பட்ட இடத்துக்கு மேலால் என்னைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் குகன் கவனித்திருக்கிறார்.

ஒருநாள் அவர் ஒரு பெரிய கறுப்புப் பொதியோடு வந்தார். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பெடியள் சைக்கிள் கைப்பிடியில் மாட்டுகிற தடித்த உறைகள். கைப்பிடி, பிரேக், கை எல்லாம் அதற்குள் போய்விடும்.

"சிக்னலில எனக்கு முன்னால நிண்ட பெடியனிட்டக் கேட்டனான், எங்க விக்குது எண்டு," என்றார்.

"பஸ் டிரைவர் சைக்கிள்காரனோட கதைச்சவரோ?"

"கண்ணாடியத் திறந்துதான் கதைச்சனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, உறைகள் அவலட்சணமாக இருக்கின்றன என்று குறை சொன்னேன். அவலட்சணமாகத்தான் இருந்தன.

ஒரு ஞாயிறு மத்தியானம், வெயில் இருந்தபோது, இரண்டு கையுறையும் உறையும் தொப்பியுமாகப் புறப்பட்டேன். டூட்டிங் சந்தைக்கு முன்னால் ஒருவர் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சைக்கிள் பாதையில் நின்றார். மணி உறைக்குள் மூடுண்டு கிடந்தது. யோசிக்க நேரமில்லை.

"விலத்துங்கோ!" என்று கத்தினேன்.

"ஓம் ஓம், போங்கோ அக்கா," என்று அவர் விலத்தினார். பிறகுதான் யார் தமிழில் கத்தியது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனேன். எத்தனை காலத்துக்குப் பிறகு முகத்தில் அந்தக் காற்று!

டூட்டிங் பெக் சந்திக்கு வரும்போது சுட்டுவிரல் அறிவித்தல் தந்தது. முதலில் ஒரு குத்தல், பிறகு ஒன்றுமில்லாமை. விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் கிளாப்பம் வரை தெரு வெறுமனே கிடந்தது. நான் இறங்கி, கைகளைக் குறுக்காகக் கமக்கட்டுக்குள் செருகிக்கொண்டு நின்றேன். (விறைத்த விரலைச் சுடுதண்ணீரில் வைக்காதீர்கள். சுடுவது உங்களுக்குத் தெரியாது, தோல் கொப்புளமாகப் பொங்கிவிடும்.) விளக்கு சிவந்தது, பச்சையானது, சிவந்தது. விரல் திரும்பி வந்ததும் சைக்கிளைத் திருப்பினேன்.

இப்போது என் தூரம் அவ்வளவுதான். சந்தி வரை, வெயில் இருந்தால், வேலையில்லாத நாளில். ஒக்டோபர்க் காலையில் வேலைக்குப் போகும் அந்தத் தெரு எனக்குத் திரும்பி வரவில்லை. வரும் என்று யாரும் சொல்லவுமில்லை.

எனக்கு இலையுதிர் காலம் இப்போது ஓகஸ்டிலேயே, கடையின் உறைபெட்டிக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. உறைந்த பட்டாணிப் பைக்குக் கையை நீட்டும்போது விரல் எனக்குச் சொல்லிவிடும். விரல் வெளுத்தால் நான் நிற்க வேண்டும். சாவி திறக்க முடியாது, பக்கம் புரட்ட முடியாது, போனுக்குப் பதில் சொல்ல முடியாது. நீலமாகி, சிவந்து, எரிந்து முடியும்வரை உலகம் காத்திருக்கும். முன்பு அந்த நேரம் வீண் என்று எரிச்சல் வரும். இப்போது என் உடம்பில் ஒரு பகுதி செத்துத் திரும்பி வருவதை இருந்து பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வந்துவிட்டது என்பதில் சின்னதாக ஒரு நன்றி.

கடைசியாக ஒன்று. இதை நீங்கள் செய்ய வேண்டாம். என் நிபுணருக்கும் சொல்ல வேண்டாம்.

பஸ்ஸுக்குப் போகும் காலையில், வாசலில் சங்கிலி போட்டு நிற்கும் சைக்கிளைக் கடந்துதான் போக வேண்டும். ஆசனத்தில் பனி படிந்திருக்கும். போன கிழமை ஒருநாள் நின்றேன். வலது கையுறையைக் கழற்றி, பிரேக்கைப் பிடித்தேன். உலோகத்தின் குளிர் உள்ளங்கையில் ஏறியது. தெரு முனையில் யாரோ மணி அடித்துப் போனார்கள். நான் பிரேக்கை விடவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக நிறம் போவதைப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தேன்.

கதவடியில் குகன், வேலை உடுப்போடு. எவ்வளவு நேரம் நின்று பார்த்தாரோ தெரியாது. ஏசுவார் என்று நினைத்தேன். இறங்கி வந்து, என் கையைப் பிரேக்கில் இருந்து மெல்ல எடுத்து, தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

"விறைக்குதோ?"

"ஓம்," என்றேன். "நல்லா விறைக்குது."