சக்கரம் உள்ளே போகும் விமானம்

போன சித்திரையில் வருவதாகச் சொன்ன என் கணவர் வரவில்லை. அவர் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் மெக்கானிக். ஆள் போதவில்லை, லீவு தள்ளிப்போய்விட்டது என்று போனில் சொன்னார். "சரிங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்கு வேலை கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்கிற ஊராட்சியில், அரசு சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் வேலை. இருவருக்கும் சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் ஒரே வீட்டில் இருந்தது இல்லை.

அதற்கு முந்தின லீவில் அவர் ஒரு விமானம் செய்யத் தொடங்கியிருந்தார். பால்சா என்கிற, பஞ்சுபோல் எடையில்லாத மரத் தகட்டை வெட்டி ஒட்டி, ஒன்றரை முழ நீளத்தில், இரண்டு காற்றாடி வைத்த சின்னப் பயணிகள் விமானம். அளவெல்லாம் அச்சு அசல். உடம்பும் இறக்கையும், வாலடியில் மடங்காத ஒரு குட்டிச் சக்கரமும் முடிந்தபோது லீவும் முடிந்துவிட்டது. "சும்மா நிக்கிற பொம்மையா இருக்கக்கூடாது கண்ணு. சக்கரம் உள்ள போகோணும், வெளிய வரோணும். அடுத்த தடவ வந்து செய்யறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தடவை வரவில்லை என்றானதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அலமாரிமேலிருந்து அதை இறக்கித் தூசி தட்டினேன். வயிற்றுப் பக்கம் சக்கரத்துக்காக அவர் வெட்டி விட்டிருந்த இரண்டு ஓட்டைகள். அவற்றின் ஓரத்தில் பென்சிலால் அவர் போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. எழுத்துகூட இல்லை, வெறும் கோடுகள். அவற்றைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, நானே செய்தால் என்ன என்று தோன்றியது.

எனக்குத் தெரிந்த சாமான் சிரிஞ்ச்தான். இரண்டு சிரிஞ்சைக் குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்பினால், ஒன்றை அமுக்கும்போது மற்றொன்று தள்ளும். மலையடிவாரத்தில் இருக்கும் சேந்தமங்கலத்துக்கு இறங்கிய ஒரு நாள், மெடிக்கல் கடையில் சிரிஞ்சும், கைக்குழந்தைகளுக்கு டிரிப்ஸ் ஏற்றும் மெல்லிய குழாயும் வாங்கி வந்தேன். காலுக்குப் பழைய குடைக்கம்பி. சக்கரத்துக்கு மருந்துக் குப்பிகளின் ரப்பர் மூடி.

எங்கள் வீட்டில் போன் சரியாக எடுக்காது. பஸ் நிற்கிற வளைவுக்குப் போனால் பேசலாம். தினமும் வேலை முடிந்து அங்கே நிற்பேன். அதுவரை எங்கள் பேச்சு, சாப்பிட்டாயா, மழையா, வெயிலா என்பதோடு நின்றுபோகும். இரண்டு பேருக்கும் அப்புறம் சொல்ல ஒன்றும் இருக்காது, வைக்கவும் மனசு வராது. விமானத்தைத் தொட்ட பிறகு பேச்சு வளர்ந்தது.

"அமுக்குனா சக்கரம் மெதுவா, இழுத்து இழுத்துத்தான் போகுதுங்க."

"உள்ள காத்து நிக்குது. இங்க நெசமான பிளேன்லயே அதான் தொந்தரவு. தண்ணிக்குள்ள முக்கி வெச்சு நிரப்பு. ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது."

வாளித் தண்ணீரில் முக்கி நிரப்பினேன். சக்கரம் டக்கென்று இறங்கியது. ஆனால் மேஜைமேல் வைத்ததும், எடை தாங்காமல் கால்கள் மெல்ல மடிந்து, விமானம் வயிற்றில் உட்கார்ந்துவிட்டது. எத்தனை முறை செய்தாலும் அப்படித்தான். வீட்டுக்கார அம்மா, மிளகு காயப்போட வந்தவர், பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது பறக்குமா கண்ணு?"

"பறக்காதுங்க. சக்கரம் மட்டும் உள்ள போகும்."

"பறக்காததுக்கு எதுக்குச் சாமி சக்கரம் உள்ள போகோணும்?"

 "அவருக்கு அப்பிடித்தான் வேணுமுங்க" என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. மிளகைக் கிளறப் போனார்.

சாயங்காலம் போனில் என் கணவரிடம் கால் மடிவதைச் சொன்னேன்.

"இப்ப நின்னுட்டுத்தான பேசற? உம் முட்டி எப்பிடி இருக்குது?"

"நேரா இருக்குதுங்க."

"கொஞ்சம் மடக்கி நின்னு பாரு. தொடை கடுக்கும். நேரா வெச்சா எத்தன நேரம் வேணாலும் நிக்கலாம். அதே மாதிரி காலுக்கு ஒரு முட்டி வெய்யி. நேரா நின்னாலும் பத்தாது, ஒரு மயிரிழை தாண்டி அந்தப் பக்கம் போகோணும். அங்க ஒரு தடுப்பு. அப்புறம் எடை ஏற ஏற இறுகிக்கும்."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்க, நான் முட்டியை மடக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

அந்த முட்டியைச் செய்ய ஒரு மாதம் ஆனது. விரல் நுனியளவு இரண்டு கம்பித் துண்டு, நடுவில் குண்டூசி ஆணி. மூன்று முறை உடைந்தது. நான்காவது முறை, சக்கரம் இறங்கிய கடைசிக் கணத்தில் டிக் என்று ஒரு சத்தம். மேஜைமேல் வைத்தேன். நின்றது. கையால் அழுத்தினேன். அப்போதும் நின்றது.

அவருக்கு அதை ஓடவிட்டுக் காட்ட வேண்டும். வளைவில் பேச்சுதான் எடுக்கும், வீடியோ எடுக்காது. அவருடைய ஓய்வு நாளில் லீவு போட்டு, குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியில் பழைய சேலையைச் சுற்றி விமானத்தை வைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலை இறங்கினேன். சேந்தமங்கலத்தில் ஒரு பேக்கரி மேஜையில் வைத்து அவரைக் கூப்பிட்டேன். சிரிஞ்சை அமுக்கினேன். ஒன்றும் அசையவில்லை. எந்தக் கொண்டை ஊசி வளைவில் குழாய் கழன்றதோ, சேலையெல்லாம் ஈரம்.

"விடு, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார்.

"இருங்க" என்றேன். அடுத்த தடவை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆகவில்லை.

கடைக்காரரிடம் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வாங்கி, குழாயை மாட்டி, குமிழி போகும்வரை தட்டித் தட்டி நிரப்பினேன். அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். தம்ளரில் சாய்த்து வைத்த போனில் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விமானத்தைத் தூக்கிப் பிடித்து அமுக்கினேன். இரண்டு சக்கரமும் ஒன்றாக மடிந்து உள்ளே போயின. இழுத்தேன். இறங்கி, டிக்.

"இன்னொரு தடவ" என்றார். செய்தேன். "இன்னொரு தடவ." பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து நின்றார்கள். போனை எடுத்துச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், முட்டி தெரிகிறதா, தடுப்பு தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"தெரியுது. போனக் கொஞ்சம் மேல தூக்கு."

"இறக்கையவா?"

"உம் மூஞ்சிய. கூப்பிட்டதுலருந்து உம் மூஞ்சியே தெரியல."

தூக்கினேன். அவர் இளைத்திருந்தார்.  பக்கத்தில் நின்றவர்கள் மெல்ல நகர்ந்து போனார்கள்.

ஐப்பசி மழையில் அவர் வந்தார், பதினெட்டு நாள் லீவில். மூன்றாம் நாள்தான் விமானத்தைக் கையில் எடுத்தார். கவிழ்த்து, என் முட்டியை விரலால் மடக்கி மடக்கிப் பார்த்தார். நல்லா இருக்குது என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது, "இத்தன சின்ன ஆணிய எப்பிடி அடிச்ச? கையக் காட்டு." கட்டைவிரலில் இருந்த தழும்பைத் தடவிப் பார்த்தார். விமானம் தரையிறங்கும்போது இறக்கையின் பின்பக்கம் கீழே சாயும் பலகைகளை இருவரும் சேர்ந்து செய்தோம். அவர் பிடிக்க, நான் ஒட்டினேன். வெளியே மழை விடவே இல்லை. அத்தனை நாள் போனில் பேசித் தீர்த்தவர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அதிகம் பேசவில்லை. பேசத் தோன்றவும் இல்லை.

வலது பலகை இன்றும் இடதைவிட ஒரு நொடி தாமதமாகத்தான் சாய்கிறது. அதைச் சரிசெய்ய நாள் போதவில்லை.

அவர் கிளம்பிய காலையில் புறநோயாளிகள் கூட்டம். காய்ச்சல் காலம், லீவு கிடைக்கவில்லை. பையோடு வந்து மருந்து ஜன்னல் வரிசையில் ஓர் ஓரமாக நின்றார். "வாரேன்" என்றார். நான் ஒரு பெரியவருக்கு, காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று மாத்திரையைக் காட்டிக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். பஸ் ஹாரன் அடித்தது. அந்தப் பெரியவர், "எத்தனைன்னு சொன்ன கண்ணு?" என்று கேட்டார். முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.