சணல் கயிற்று முடிச்சு

நுவரெலியா கடைத்தெருவில் எனக்கு மளிகைக்கடை. எதையும் சணலால் கட்டிவிட்டால் தொலையாது என்பதே என் தொழில் ஞானம். துரைமார் குதிரைப் பந்தயத்துக்கு வந்து குவிந்த ஒரு ஏப்ரலில் நாங்களும் ஏரிக்கரைக்குப் போனோம். ஏழு வயது மகனையும் நான்கு வயது மகளையும் ஒரே கயிற்றில், இடுப்போடு இடுப்பாகக் கட்டிவிட்டேன்.

"இதுங்க புள்ளைங்களா, சீனி மூட்டையாங்க?" என்று சிரித்தபடி என் மனைவி மரத்தடியில் புளிச்சோற்றைப் பிரிக்கப் போனாள். நான் புத்தகத்தைப் பிரித்தேன்.

"அப்பா!" என்று மகன் அலறினான். நிமிர்ந்தால், மகள் தண்ணீருக்குள். கயிறு விறைத்து, அவனும் ஈரப் புல்லில் ஏரியை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தான். புத்தகங்களில் பல கடல்களைத் தாண்டிய எனக்கு நீந்தத் தெரியாது. ஓடிப்போய் மகனைக் கட்டிப்பிடித்தேன். என் விரல்கள் அவன் இடுப்பு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கின.

"அவுக்காதீங்க மொதலாளி! பாப்பா போயிரும், இழுங்க!"

பக்கத்தில் புல்லறுத்துக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளி பாய்ந்து வந்து கயிற்றைப் பற்றினார். இருவருமாக இழுத்தோம். மகள் இருமிக்கொண்டே கரைக்கு வந்தாள்.

மனைவி ஓடிவந்து அவளை அள்ளிக்கொண்டு, "நல்லவேளை, கட்டி வச்சீங்க!" என்று அழுதாள்.

அந்த மனிதர் என் கைகளைப் பார்த்தார்.

"ஆமாங்கம்மா, மொதலாளி கெட்டியாத்தான் கட்டியிருந்தாரு" என்று சொல்லிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதற்றத்தில் செய்ததுதான் என்று எனக்கு நானே பலமுறை தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். மகள் வந்து என் விரலைப் பிடித்துக்கொள்ளும்போது அந்தத் தீர்ப்பு நிற்பதில்லை.