ஜெரோமின் ஊதா

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஜெரோம் அச்சுக் கடை வைத்திருக்கிறார். பாட்டு ஆல்பத்துக்கு அட்டை போட வேண்டும் என்று யார் வந்தாலும் அவர் பாட்டைக் கேட்க மாட்டார். "இது எந்தப் பெட்டிக்குப் போகுது, அதச் சொல்லுங்க முதல்ல" என்பார்.

பெட்டி என்றால் அக்மல் கடையில் வரிசையாக இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள். பேருந்து நிலைய வாசலிலும் ஊர்த் திருவிழாக்களிலும் பாட்டு ஏற்றிய பென்டிரைவ் விற்பவர் அக்மல். காரில் போட, டிராக்டரில் போட, வீட்டு ஸ்பீக்கரில் போட வாங்கிப் போவார்கள். ஒவ்வொரு பென்டிரைவும் உள்ளங்கை அகல அட்டை ஒன்றில் ஒட்டியிருக்கும். வாங்குகிறவருக்கு பஸ் கிளம்பிக்கொண்டிருக்கும். அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே என்ன பாட்டு, பாடுகிறவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தாக வேண்டும். மஞ்சளும் சிவப்பும் வேப்பிலையும் என்றால் அம்மன் பாட்டு. வெளிர்நீல வானம், புறா, கோட்டுப் போட்ட பாடகர் என்றால் ஏசு பாட்டு. கறுப்பும் மழையும் தாடியும் காதல் தோல்வி. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே ஜெரோமுக்கு இதெல்லாம் அத்துப்படி. தாடி இல்லாத பையன்களுக்குத் தாடி வரைந்து கொடுத்திருக்கிறார்.

அவர் செய்ததிலேயே பெரிய காரியம் ஜீவிதா.

ஜீவிதா ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கத்திரிக்காய்த் தோட்டத்திலிருந்து வந்த கும்மிப் பாட்டுக்காரி. முதல் முறை கடைக்கு வந்தபோது பயந்த முகமும் வெளுத்த சுடிதாருமாக நின்றாள். ஜெரோம்தான் சின்னாளப்பட்டிக்கு ஆள் அனுப்பி அரக்கு நிறச் சுங்குடிச் சேலை வாங்கி வரச் செய்தார். அகரத்தில் ஒரு செண்டுப்பூத் தோட்டத்துக்கு நடுவே அவளை நிறுத்தி, கையை இடுப்பில் வைக்கச் சொல்லி, முகவாயைத் தூக்கச் சொல்லிப் படம் எடுத்தார். பெயரை வெடித்துச் சிதறுகிற எழுத்தில் போட்டார். அந்த அட்டைக்குப் பிறகு ஜீவிதா என்றால் அந்தச் சேலை, அந்த முகவாய். விழாக் கமிட்டிக்காரர்கள் அட்டையில் இருக்கிற மாதிரியே வரச் சொன்னார்கள். மற்ற பாடகிகள் ஜெரோமிடம் வந்து ஜீவிதா மாதிரி போட்டுத் தரச் சொன்னார்கள். அது வெறும் மாதிரி இல்லை, என் கையெழுத்து என்று அவர் மனதுக்குள் சொல்லிக்கொள்வார். டீக்கடையில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்வார்.

போன தை மாதம் ஜீவிதா புது ஆல்பத்தோடு வந்தாள். கூடவே ஒரு இளம்பெண். பெயர் தமிழ்நிலா, சொந்த ஊர் திண்டுக்கல்தான், வடக்கே எங்கேயோ டிசைன் படித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று ஜீவிதா அறிமுகம் செய்தாள். அட்டையைத் தமிழ்நிலா போட்டுவிட்டாள், அண்ணன் அச்சடித்து மட்டும் கொடுத்தால் போதும் என்றாள். ஜெரோம் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கன்னம் வலித்தது.

தமிழ்நிலா மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். முகம் இல்லை. சேலை இல்லை. அட்டை முழுக்கக் கத்திரிப்பூவின் வெளிர் ஊதா. அடியில் ஒரு காலிக் கூடை. ஓரத்தில் நூல் மாதிரி மெல்லிய எழுத்தில் 'அம்மா நட்ட தோட்டம்'. ஜீவிதாவின் அம்மா இறந்த பிறகு அவள் கட்டிய பாட்டுகள் அவை.

"மூஞ்சி இல்லாம யாரு பாட்டுன்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார் ஜெரோம்.

"கேட்டா தெரியும், அங்கிள்."

அந்த அங்கிள் நாள் முழுக்க அவர் காதில் நின்றது. ஜீவிதாவுக்கு அவர் அண்ணன். அவளைவிட நாலைந்து வயதுதான் இளையவளாக இருக்கும் இந்தப் பெண்ணுக்கு அங்கிள். அவர்கள் போன பிறகு அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். நன்றாக இல்லை என்று சொல்ல ஒரு காரணம் தேடினார். கூடையின் பிடியைக்கூடப் பெரிதாக்கிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படாததுதான் அவரை மேலும் எரித்தது.

அச்சுத் தொழிலில் ஊதா ஒரு வம்பு பிடித்த நிறம். திரையில் வெளிறித் தெரிவது தாளில் இருண்டு வரும். அதனால் ஜெரோம் எப்போதும் ஒரு தாள் அடித்துப் பார்த்து, போட்டோ எடுத்து அனுப்பி, சரியென்று சொன்ன பிறகே மீதியை ஓட்டுவார். இழவுப் போஸ்டருக்குக்கூட அப்படித்தான். அன்று முதல் தாள் வெளியே வந்தது. கத்திரிப்பூ இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் மாதா கோயில் பீடத்துக்குப் போர்த்துகிற துணியின் கனத்த ஊதா. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த நிறத்தில், முகமே இல்லாமல், அடியில் ஒரு காலிக் கூடையோடு போனால் அக்மல் இதை எந்தப் பெட்டியில் போடுவார் என்று ஜெரோமுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. கும்மிப் பாட்டுக்காரியின் ஆல்பம் சிலுவைப்பாதைப் பாட்டுகளுக்கு நடுவே கிடக்கும். ஒருத்தரும் தொட மாட்டார்கள். பிறகு ஜீவிதா தானாகத் திரும்பி வருவாள்.

அவர் போட்டோ எடுக்கவில்லை. போன் செய்யவில்லை. மொத்தத்தையும் ஓட்டி, பென்டிரைவ் ஒட்டி, கட்டுக் கட்டி அக்மலுக்கு அனுப்பிவிட்டார்.

அக்மல் அவர் நினைத்தபடியே செய்தார். கொஞ்ச நாள் கழித்து, சும்மா விசாரிக்கிற மாதிரி ஜெரோம் அங்கே போய் நின்றார்.

"எங்க பாய் வச்சீங்க அந்த ஊதாவ?"

"ஒங்க ஆளுங்க பெட்டியிலதான். வேற எங்க வைக்க? பாத்தாலே நோம்பு இருக்க மாதிரில இருக்கு" என்றவர், பெட்டியைத் தூக்கிக் காட்டினார். காலி. "இன்னொரு கட்டு இருந்தாக் குடு ஜெரோமு. அம்புட்டும் போயிருச்சு."

தவக்காலத்துக்கு என்று வாங்கிப் போன பெண்கள் வீட்டில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். பாட்டில் சாமி பெயரே இல்லை. அம்மாவைப் பறிகொடுத்த ஒருத்தி, தண்ணீர் பாய்ச்ச ஆளில்லாத தோட்டத்தைப் பார்த்து மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கிறாள். ஒருத்தரும் திருப்பிக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குச் சொன்னார்கள். பக்கத்து வீட்டார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் வந்து வாங்கினார்கள். ஜீவிதா பாட்டு என்று யாரும் கேட்கவில்லை. "அந்த ஊதா அட்டை இருக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

ஜெரோமுக்குச் சோறு இறங்கவில்லை. ஜீவிதா ஜெயித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஒரு வாரப் பத்திரிகையில் தமிழ்நிலாவின் பேட்டி வந்தது. அந்த அடர்த்தியான ஊதா எப்படித் தோன்றியது என்று கேட்டிருந்தார்கள். துக்கத்தின் ஆழத்தை அந்த நிறத்தில் கொண்டுவர நினைத்ததாக அவள் சொல்லியிருந்தாள். ஜெரோம் அந்தப் பக்கத்தைக் கிழித்து மேசை இழுப்பறையில் வைத்தார். கசக்கிப் போடவும் மனமில்லை, எடுத்துப் படிக்கவும் முடியவில்லை. ஊரே கேட்கிற ஊதா அவர் எந்திரத்தில் பிறந்தது. அதை வெளியே சொன்னால், ஏன் சரிசெய்யாமல் விட்டாய் என்ற கேள்வி கூடவே வரும்.

ஈஸ்டர் முடிந்து இரண்டு பேரும் மறு அச்சுக்கு வந்தார்கள். ஜீவிதா வழக்கமாக உட்காருகிற சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெரோம் டீ சொன்னார். தமிழ்நிலா, போன முறை வந்த அதே அடர் நிறம் வேண்டும், ஃபைலையும் அதற்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றாள்.

ஜெரோம் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் 'என் நிறம்' என்று அவள் சாதாரணமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்.

"அது ஒன் நெறம் இல்லம்மா" என்றார். "நீ குடுத்தது கத்திரிப்பூ. இது எம் மிசின்ல வந்தது. முதல் தாளப் பாத்ததுமே எனக்குத் தெரியும்."

தமிழ்நிலா தலை நிமிரவில்லை. ஜீவிதா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சா ஏண்ணே சொல்லல?"

அவர் மேசையைத் துடைத்தார்.

"அக்மல் பாய் எந்தப் பெட்டியில வப்பாருன்னும் தெரியும்ல? எம் பாட்டு விக்காமப் போகட்டும்னு விட்டீங்க."

"நீ திரும்பி வரணும்னு விட்டேன்."

ஜீவிதா, அம்மா செத்துக் காரியம் முடிந்த மறுவாரமே ஒரு திருவிழாவில் பாடப் போனதைச் சொன்னாள். வெள்ளைச் சேலையில் வருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறாள். அட்டையில் இருக்கிற மாதிரி அரக்குச் சுங்குடியில் வந்தால்தான் மேடை என்று கமிட்டிக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"அன்னைக்கும் மொகவாயத் தூக்கிக்கிட்டுத்தான்ணே நின்னேன். ஒங்க அட்டைய என்னால கழட்ட முடியல."

அவள் எழுந்து போய்விட்டாள். டீ அப்படியே ஆடை கட்டியது. இனி அவள் அந்த நாற்காலியில் உட்கார மாட்டாள் என்பது ஜெரோமுக்குப் புரிந்தது. ஆனாலும் அவர் கண் தமிழ்நிலாவின் மடிக்கணினி மேலேயே இருந்தது.

அவள் அட்டையின் பின்பக்கத்தைத் திறந்திருந்தாள். பேட்டியில் சொன்னதை இனி மாற்ற முடியாது, இதை வேண்டுமானால் செய்யலாம் என்றாள். 'அட்டை: தமிழ்நிலா' என்று இருந்ததற்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள். 'வண்ணம்: ஜெரோம்.'

அவர் குனிந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் எந்த அட்டையிலும் அவர் பெயர் வந்ததில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"ஒம் பேர விட எம் பேரு சின்னதா இருக்கேம்மா."

"ஆமா, அங்கிள்."

அவள் ஃபைலைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். ஜெரோம் எந்திரத்தை ஓட்டினார். முதல் தாளை எடுத்து வாசல் வெளிச்சத்துக்கு வந்தார். ஊதா சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. தாளைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேலும் கீழுமாக இருந்த இரண்டு பெயர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.