படத்துக்குக் கீழே இருந்த பெயர்

கோவில்பட்டியில் பந்தை மட்டையால் அடிப்பவனுக்குத்தான் மரியாதை. காலால் அடித்தால் வேலைவெட்டி இல்லாதவன். ஹாக்கிக்காரர்கள் வேண்டாமென்று விட்ட கரிசல் பொட்டலில், தண்டவாளத்துக்கு அப்பால், நாங்கள் கால்பந்து ஆடினோம். மழை பெய்தால் ஆளுக்கொரு கிலோ மண் பூட்ஸில் ஏறும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். பந்து அதில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன். இடது ஓரத்தில் ஆடுவான். தடுக்க வந்தவன் பந்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது இவன் கோல் பக்கத்தில் நிற்பான்.

பொட்டல் இப்போது வீட்டு மனை. தகரத்துண்டால் பூட்ஸ் மண்ணைச் சுரண்டிக்கொண்டே நாங்கள் டீ குடித்த கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். குறை சொல்ல வழியில்லை. மனைக்கு அனுமதி முறைப்படிதான் கொடுக்கப்பட்டது. நகராட்சியில் அந்தக் கோப்பு என் மேசை வழியாகத்தான் போனது.

அணிக்குச் செயலாளரும் நான்தான். வேலை நேரத்தால் பயிற்சிக்கு ஒழுங்காக வராதவன் என்று, மாநிலப் போட்டிக்கு அவன் பெயரை நான் பதியவில்லை. போட்டிக்கு முந்தின நாள், பதிந்திருந்த இடது ஓரக்காரனுக்குக் கணுக்கால் பிசகியது. பெயரை மாற்ற ஏழு நாள் முன்னதாக மனுச் செய்ய வேண்டும். எனக்கு விதி தெரியுமே. பெயரை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றினேன். இரண்டாம் பரிசு வாங்கினோம். எங்கள் ஒரே கோலை அவன்தான் போட்டான். பரிசோடு எடுத்த படத்தில் அவன் முகம் இருக்கிறது. கீழே இருப்பது மற்றவன் பெயர். சான்றிதழிலும் அந்தப் பெயர்தான். அதைக் காட்டி மற்றவனுக்கு ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது.

போன மாதம் இவனுக்காக, நலிந்த விளையாட்டு வீரர் ஓய்வூதியம் கேட்டு நானே மனு எழுதினேன். முழங்கால் போய்விட்டது; லோடு ஏற்ற முடியாது. புதியம்புத்தூரில் ஒரு தையல் யூனிட்டுக்குக் காவல் இருக்கிறான்.

மாவட்ட அலுவலகத்தில் ஒரு பெண் எழுத்தர் படத்தை நிதானமாகப் பார்த்தார். "மொகம் இவருதான் சார். பேரு வேறல்லா இருக்கு? அந்தப் பேருக்காரரே நான் ஆடல, இவருதான் ஆடுனாருன்னு உறுதிமொழிப் பத்திரம் தரணும். பதினஞ்சு நாள்ல கொண்டாங்க."

கோபப்படக்கூட முடியவில்லை. நானாக இருந்தாலும் இதே குறிப்பைத்தான் எழுதியிருப்பேன்.

முத்திரைத் தாளில் வாசகத்தைத் தட்டச்சு செய்துகொண்டு, நானும் இவனும் பாசஞ்சர் ரயிலில் மணியாச்சிக்குப் போனோம். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரன் வாசலுக்கே வந்து கூப்பிட்டான். கூடத்துச் சுவரில் அதே படம், பத்திரிகையில் சின்னதாக வந்திருந்த துண்டு. சட்டம் போட்டு, பளிச்சென்று துடைத்திருந்தார்கள். ஆட்களெல்லாம் எறும்பளவு, மூக்கும் முழியும் தெரியாது. பெயர் நன்றாகத் தெரிந்தது.

அவன் மனைவி காப்பி கொண்டுவந்தார். "அந்தக் கோலு இவிய போட்டதுதான். ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார், என் பக்கத்தில் இருந்தவனிடம்.

ரயில்வேக்காரன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியாம என்னம்மா? நானும் அங்கனதான நின்னேன்" என்றான் இவன். காப்பியைக் குடித்து முடித்து, சர்க்கரை சரியாக இருக்கிறது என்றும் சொன்னான்.

நான் பத்திரம் இருந்த பையின் ஜிப்பைத் திறந்தேன். இவன் என் கையின் மேல் கையை வைத்தான்.

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் கத்தினேன். "வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா என்னலே? இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

"கையெழுத்துப் போட்டா அவியளுக்கு வார பென்சனுக்கு வினையாயிராதா அண்ணாச்சி? வேலையே அந்தச் சர்ட்டிபிகேட்டுலதான கெடச்சுது."

ஆகலாம் என்று எனக்குத் தெரியும். புறப்படும்போதே தெரியும். தெரிந்தேதான் தட்டச்சு செய்தேன்.

"மனுவ வாபஸ் வாங்கிருங்க" என்றான்.

"காரணம் எழுதணும்லே."

"நான் ஆடலன்னு எழுதுங்க. பேப்பர்லயும் அப்படித்தான இருக்கு?"

பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளைத் தாளை எடுத்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் கை பாட்டுக்கு எழுதியது. காரணம் வந்ததும் நின்றுவிட்டது. அன்று ஆட்டக்காரர் பட்டியலில் அந்தப் பெயரை எழுதியதும் இதே கைதான். தாளை மடித்துப் பையில் போட்டேன்.

"எழுதிட்டியளா?"

"ம்."

ரயில் வந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, இடது காலை முதலில் வைத்து, அவன் மெல்ல ஏறினான்.

பதினைந்து நாளில் பத்திரம் போய்ச் சேராவிட்டால் மனு தானாகவே தள்ளுபடியாகும். அதற்கு யாரும் காரணம் எழுத வேண்டியதில்லை. இன்று பன்னிரண்டாவது நாள்.