எதிர்க்கடைப் படியில் நின்ற பெண்

கல்லூரி அனுப்பிய அறிமுகத்தில் பூவிழி, ‘மனித உருவப் பொம்மைகளுக்கு ஆடை அணிவித்து நகர்ப்புற நுகர்வோரின் மனதைக் கவர்வதில் தனித்தேர்ச்சி பெற்ற படைப்பாளி’. வந்து நின்றதோ கீழ்வேளூர்ப் பக்கத்துப் பெண். நகரம் என்று அவள் பார்த்தது, படிக்கிற தஞ்சாவூர் ஒன்றுதான்.

திருவாரூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சேக் தாவூதுக்கு அதைப் படித்ததுமே சந்தேகம் தட்டியது. இவ்வளவு தெரிந்தவள், எதிரே புதிதாகத் திறந்த மூன்று மாடிக் கடையை விட்டுவிட்டு இங்கே ஏன் வரவேண்டும்?

“சம்பளம் என்னம்மா எதிர்பாக்குற?”

“சம்பளம் வேணாம் பாய். பயிற்சி முடிச்சேன்னு நீங்க கையெழுத்துப் போட்டா போதும். அது இல்லாம பட்டம் தர மாட்டாங்க.”

சந்தேகம் இரட்டிப்பானது. சம்பளம் கேட்பவர்களைச் சமாளிக்க அவருக்குத் தெரியும். வேண்டாம் என்பவர்களை என்ன செய்வது?

வந்த வேகத்தில் நான்கு பொம்மைகளுக்கு முகூர்த்தப் பட்டுக் கட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினாள். மடிப்பு அப்படி விழுந்திருந்தது. ஆனால் மறுநாளிலிருந்து சாப்பாட்டு வேளைக்குப் பிறகு ஆளைக் காணோம். மூத்த விற்பனையாளர் ரெத்தினம்தான் துப்புக் கொண்டுவந்தார்.

“பாய், அது எதிர்க்கடைப் படியில நிக்கிது.”

“உள்ள போவுதா?”

“போவல. நம்ம கடையவே பாத்துக்கிட்டு நிக்கிது. போன்ல படம் வேற புடிக்கிது.”

“யாருக்கு அனுப்புதாம்?”

“கேட்டா சிரிக்கிது பாய்.”

சிரிக்கிறாள் என்றால் வேவுதான். ஆவணி முகூர்த்தம் நெருங்குகிற நேரம் வேறு. கையெழுத்துக் கேட்டு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று கறுவிக்கொண்டார். எதிர்க்கடை திறந்த நாளிலிருந்து சாலையின் அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை என்பது அவருடைய வைராக்கியம். கையும் களவுமாகப் பிடிப்பதற்காக அன்று அதைத் தளர்த்தினார்.

“யாரும்மா ஒன்ன அனுப்பினது?”

பூவிழி திடுக்கிடவில்லை. “செத்த பேசாம நில்லுங்க பாய். அந்த அக்காவப் பாருங்க.”

அவருடைய கடை வாசலில் ஒரு தாயும் மகளும் நின்றிருந்தார்கள். மகள் அரக்குப் பட்டைக் காட்டி முகம் மலர்ந்தாள். தாய் தலையை ஆட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து இவர்கள் நின்ற படிக்கே வந்துவிட்டாள்.

“ஏங்க்கா, அந்தச் சேல நல்லா இல்லியா?” என்றாள் பூவிழி.

“சேல லெச்சணமாத்தான் இருக்கு. பொம்ம கட்டினத எம்பொண்ணு மணவறையில கட்டுறதா?”

“வேற பீஸ் உள்ள இருக்கும்ல?”

“அதையும் பொம்மைக்குக் கட்டி அவுத்து மடிச்சு வெச்சிருந்தா? யாரு கண்டா!”

இருவரும் எதிர்க்கடைக்குள் போய்விட்டார்கள். சேக் தாவூது தன் கடைக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். ‘பிரிக்காத பீஸா எடுங்க பாய்’ என்று இத்தனை வருடமாகப் பெண்கள் கேட்டதையெல்லாம் விலை குறைப்பதற்கான தந்திரம் என்றல்லவா நினைத்திருந்தார்!

“இது ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எங்கம்மாவே அப்படி எடுக்க மாட்டாங்க பாய். நெசமாவே எல்லாரும் அப்படித்தானான்னு பாக்கத்தான் இங்க நின்னேன், படமும் புடிச்சேன்.”

“அப்ப வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?”

“காலேஜ்ல பொம்மைக்குத்தான் மார்க்கு. பொம்மையே வேணாம்னு சொன்னா, வேல தெரியாதவன்னு கையெழுத்துப் போடாம வுட்டுருவீங்களோன்னு...”

“என்னையே சந்தேகப்பட்டியா நீ?” உண்மையாகவே அவருக்கு மனது புண்பட்டுவிட்டது.

ஆவணி பிறந்ததும், கண்ணாடியில் விரலை வைத்து “அந்தத் தட்டுல இருக்கறதக் குடுங்க” என்று கேட்டபடி குடும்பங்கள் உள்ளே வந்தன. சேக் தாவூது அவளுடைய பயிற்சித் தாளின் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பூவிழி செய்தது இதுதான்: நான்கு பொம்மைகளின் பட்டுகளையும் அவிழ்த்து, முகூர்த்தத்துக்கு இல்லை என்று சொல்லியே விற்கும்படி ரெத்தினத்திடம் கொடுத்தாள், பொம்மைகளைக் குடோனில் போட்டாள், பிரிக்காத பட்டுகளை, நிச்சயதார்த்தத்துக்கு எடுத்துப்போவதுபோல வெற்றிலை பாக்கு பூவோடு தாம்பாளங்களில் வைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக அடுக்கினாள்.