அம்மாவும் அண்ணன் அனுப்பிய பாதாம் உடைப்பான்களும்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் வந்து கூடியிருக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அம்மாவின் நற்குணங்களை எழுதச் சொன்னார்கள். அவை நிறையவே உண்டு. ஆனால் பழகியவர்கள், உதவாத சாமானைக் கண்டால் அவர் முகம் போகும் போக்கைத்தான் முதலில் நினைப்பீர்கள். அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா இலங்கை மலைநாட்டில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். சிறுமியாகப் பெற்றோருடன் கப்பலேறி நம் தீவுகளுக்கு வந்து, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். அப்பா இறந்த பிறகு அண்ணனையும் என்னையும் கூட்டிக்கொண்டு இங்கே பெரார்கஞ்சில் குடியேறினார். வீட்டுக்குப் பின்னால் ஒரு நாட்டுப் பாதாம் மரம். கப்பல் தாமதித்துக் கடையில் சரக்குத் தீர்ந்த நாட்களில் பாதாம் கொட்டையை உடைத்துத் துவையல் அரைப்பார். முழுதாக வந்த பருப்பு எங்களுக்கு, நொறுங்கியது அம்மிக்கு. அவர் ஒரு முழுப் பருப்பை வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. நடுவில் குழி விழுந்த ஒரு கருங்கல், பிடி கழன்ற ஒரு சுத்தியல் தலை, அவ்வளவுதான் அவர் வைத்திருந்த கருவி.

அண்ணன் சென்னையில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார். வர முடியாத பொங்கலுக்கெல்லாம் ஒரு பார்சல் வரும். முதலில் வந்தது ஓர் இடுக்கி. அதில் வைத்து அழுத்தினால் கொட்டை வழுக்கிக்கொண்டு பீரோவுக்கு அடியில் போகும். அடுத்தது, மரக் கிண்ணத்தில் திருகாணி வைத்தது. அலமாரியில் வைக்க அழகு, கொட்டைக்கு அதனிடம் கொஞ்சமும் பயமில்லை. எல்லாம் அக்ரூட்டுக்குச் செய்தவை. நம் பாதாம் ஓடு நாரும் கட்டையுமாக இருக்கும், விளிம்பில் நிறுத்திச் சரியான இடத்தில் தட்டினால்தான் பிளக்கும். வழவழப்பான அட்டைப்பெட்டியில் படம் போட்டு விற்பவனுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

“பேக்கார் சாமான், ஒதவாது. பொட்டி மட்டும் நல்லாருக்கு, நூலு ஊசி போட்டு வை” என்பார் அம்மா.

பக்கவாதம் வந்து அம்மாவின் இடக்கை விழுந்தபோது அண்ணன் நேரிலேயே வந்தார், மேசையில் பொருத்தும் நெம்புகோல் உடைப்பான் ஒன்றோடு.

“இதுக்கு ஒரு கை போதும்மா. நம்ம அபார்ட்மென்ட்ல லிஃப்ட் இருக்கு, பக்கத்துலயே ஆஸ்பத்திரி. டிக்கெட் போட்டுடறேன், வந்துடுங்க.”

“நான் கொட்டை தட்டுனா கீழ் வீட்டுக்காரன் சண்டைக்கு வரமாட்டானா?”

“சத்தமே வராதும்மா. அதுக்குத்தான் இது.”

“அச்சா. அப்ப நீயே அழுத்து. ஒரு பருப்ப முழுசா எடுத்துக் காட்டு தம்பி, நாளைக்கே ஒங்கூட பிளேன் ஏறுறேன்.”

அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மா போய்விட்டால் யாருக்காக அடுப்பு மூட்டுவேன்? அதுவரை அந்தச் சாமான்களைப் பார்த்துச் சிரித்தவள் அன்று பயந்தேன்.

அண்ணன் அழுத்தினார். மேசை ஆடியது, சட்டை நனைந்தது, கூடையிலிருந்த கொட்டையில் பாதி தூளாயிற்று. திடீரென்று ஒரு பருப்பு வெளியே விழுந்தது. அண்ணன் துள்ளி எழுந்தார். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனி ஓட்டோடு போயிருந்தது.

“இது துவையலுக்கு” என்று ஓரமாக வைத்தார்.

பிறகு வலக்கையால் ஒரு கொட்டையைக் கல்லின் குழியில் நிறுத்தினார். பிடித்துக்கொள்ள இன்னொரு கை தேவைப்படவில்லை. ஒரே தட்டு. முழுப் பருப்பை அண்ணனிடம் நீட்டினார்.

“தின்னு தம்பி. பிளேன்ல பசிக்கும்.”

அண்ணன் மென்றார்.

அதன்பின் இரண்டு மழைக்காலம் அம்மா என்னோடு இருந்தார். மெல்ல முடியாமல் போன கடைசி நாட்களில், முழுப் பருப்பாகப் பார்த்து எடுத்து அரைத்துப் பாலில் கலந்து ஊட்டினேன். தம் கட்டிலிலேயே, தூக்கத்தில் பிரிந்தார்.

இரவும் பகலும் துணையிருந்த பக்கத்து வீட்டு வங்காளத் தீதி அக்காவுக்கும், ஜங்லிகாட்டிலிருந்து பஸ்ஸில் மருந்து கொடுத்தனுப்பிய சித்தப்பாவுக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் நன்றி. அண்ணா, உங்களுக்கும் நன்றி. இந்த மலரை அச்சிட்டுத் தந்ததற்கு மட்டுமல்ல. நீங்கள் கொண்டுவந்த அந்த உதவாத சாமான் ஒரு பருப்பின் நுனியை உடைத்ததே, அதற்கும்தான். அம்மா எனக்கு இரண்டு மழைக்காலம் கிடைத்தது அதனால்தான்.